மேல்சித்தாமூர்ச் சிற்பங்களில் இரு குடும்பக் கதைகள்

மேல்சித்தாமூர் விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தில், திண்டிவனத்திலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இங்குள்ளது. ஊரிலுள்ள மலைநாதர் கோயில் பாறையில் ஆதிநாதர், பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி, அம்பிகை ஆகியோரின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. இவை கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படுகின்றன. இவற்றுள் பாகுபலி, அம்பிகை ஆகிய இருவரின் புராணங்களும் குடும்பப் பூசலில் தொடங்குபவை.

அண்ணன் தம்பி

முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதரின் மக்கள் பரதனும் பாகுபலியும். தந்தை துறவு பூண்டபின், தம்பியும் தனக்கு அடங்க வேண்டும் என்றான் பரதன். பாகுபலி மறுத்தான். படைகள் மடிவதைத் தவிர்க்க இருவர் மட்டும் மோதுவதென முடிவாயிற்று. கண் இமையாமல் நோக்குதல், நீர்ப்போர், மற்போர் ஆகிய மூன்றிலும் தம்பியே வென்றான். ஆனால் மண்ணுக்காக அண்ணனை எதிர்த்ததை எண்ணி வெறுப்புற்று, வென்ற அரசை விட்டுத் தவத்தில் நின்றான். நெடுங்காலம் அசையாது நின்றதால் கொடிகள் அவன் உடலில் படர்ந்தன. பாகுபலி சிற்பங்கள் பலவற்றில் இருபுறமும் காணப்படும் பெண்கள் சகோதரியரான பிராமி, சுந்தரி என்பர்.

கணவன் மனைவி

அம்பிகையைத் தமிழ்ச் சமணர் தருமதேவி என்று வணங்குவர். இவர் 22ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதரின் இயக்கி. திகம்பர மரபின்படி முற்பிறவியில் இவர் சோமசர்மன் என்னும் அந்தணரின் மனைவி. திதி நாளில் சமைத்த உணவை, சடங்கு முடியும் முன்பே ஒரு சமண முனிவருக்கு இட்டார். கணவர் சினந்து, இரு ஆண் பிள்ளைகளோடு அவரை வீட்டைவிட்டுத் துரத்தினார். பின்னர் மனம் மாறித் தேடி வந்த கணவரைக் கண்டு, மீண்டும் துன்புறுத்த வருகிறார் என்று அஞ்சிய அவர் உயிர் துறந்து இயக்கியானார். கணவர் மறுபிறப்பில் அவருக்குச் சிங்க வாகனமானார். தருமதேவி சிற்பங்களில் பிள்ளைகளும் சிங்கமும் இடம்பெறுவதற்கு இக்கதையே காரணம்.

சொல்லப்படாத பூசல்

பாகுபலியின் உருவத்தில் போர் இல்லை. தருமதேவியின் உருவத்தில் வாசலில் நின்ற கண்ணீர் இல்லை. பூசல் ஓய்ந்தபின் வந்த அமைதியையே சிற்பி செதுக்குகிறான். கதை தெரியாதவருக்குச் சிங்கம் வெறும் வாகனம். தெரிந்தவருக்கோ அது வருந்திய கணவன்.

தற்காலப் புராண நாவல்கள் இதற்கு எதிர்த்திசையில் செல்கின்றன. எம்.வி. வெங்கட்ராமின் 'நித்தியகன்னி' மகாபாரதத்து மாதவியின் கதை. காலவ முனிவரின் குருதட்சிணைக்கு 800 குதிரைகள் தேவைப்படுகின்றன. குதிரை இல்லாத யயாதி தன் மகள் மாதவியையே கொடுத்துவிடுகிறான். அவள் ஒருவர்பின் ஒருவராக மூன்று மன்னரிடமும், பின்பு விசுவாமித்திரரிடமும் அனுப்பப்படுகிறாள். புராணம் தந்தையின் ஈகையைப் போற்றுகிறது. நாவல் மகளின் நிலையிலிருந்து அதைக் காண்கிறது. தருமதேவியின் கதையிலும் அப்படிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வணங்கப்படுவதற்கு முன், அந்தப் பெண்ணுக்குத் தன் வீட்டில் என்ன இடம் இருந்தது?