பூட்டுக்கும் ஒரு மொழி உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். பிரெஞ்சுக் கையேடுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது இப்போது அவள் தொழில். "இப்ப என்னம்மா வேலை ஓடுது?" என்று கேட்டேன். "கதவு சார்" என்றாள். மின்சாரப் பூட்டு, அட்டை காட்டினால் திறக்கும் வாசல், இவை பற்றிய கையேடாம். "இதுல என்னம்மா கஷ்டம், அகராதியப் பாத்தா முடிஞ்சது" என்றேன். சிரித்துவிட்டு இரண்டு மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினாள். புதுச்சேரியில் பிறந்தவன் என்றாலும் என் பிரெஞ்சு தெருப் பெயர்ப் பலகையோடு சரி. அவள் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அட்டை. நம் எல்லோர் பையிலும் இருக்கும் வங்கி அட்டையில் தங்க நிறத்தில் ஒரு சில்லு இருக்கிறதே, அதன் வரலாற்றில் பிரான்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 1968இல் யூர்கன் டெத்லோஃப், ஹெல்முட் குரோட்ரப் என்ற இரு ஜெர்மானியர்கள் இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். 1970இல் ஜப்பானில் குனிடாகா அரிமுரா கேட்டார். 1974 மார்ச்சில் பிரான்ஸில் ரோலான் மொரேனோ பதிவு செய்தார். கெய்ரோவில் பிறந்த மொரேனோ, தானாகவே கற்றுக்கொண்ட மனிதர். சில்லை முதலில் ஒரு மோதிரத்தில்தான் பதிக்க நினைத்தாராம்! பிறகுதான் அட்டைக்கு வந்தார். புல் நிறுவனத்தின் மிஷேல் உகோன் அதற்குள் நுண்செயலியை வைத்து அதைச் சிந்திக்கும் அட்டையாக்கினார். 1992 முடிவதற்குள் பிரான்ஸின் வங்கி அட்டைகள் எல்லாவற்றிலும் சில்லு வந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'கார்த் ஆ ப்யூஸ்'. ப்யூஸ் என்றால் நாய் உடம்பில் ஒட்டியிருக்கும் தெள்ளுப்பூச்சி! சின்னதாக, கறுப்பாக இருப்பதால் அந்தப் பெயர். ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் எழுதினால் 'தெள்ளுப்பூச்சி அட்டை' ஆகிவிடும். அதனால் 'ஸ்மார்ட் கார்டு' என்று எழுத வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் யாரும் தவறுவதில்லை. தெரியாத சொற்களில்தான் வம்பு.

பாரிஸில் அடுக்குமாடி வாசல்களில் எண் அழுத்தித் திறக்கும் பெட்டிக்கு 'டிஜிகோட்' என்று பெயர். உண்மையில் அது ஒரு வணிகப் பெயர். நாம் ஒளிநகலை 'ஜெராக்ஸ்' என்பது போல. அதை அப்படியே எழுதினால் லண்டன்காரருக்குப் புரியாது. 'கீபேட்' என்றுதான் எழுத வேண்டும். இப்படி வாசலெல்லாம் எண்பெட்டி வந்ததும் தபால்காரருக்குத் திண்டாட்டம். எத்தனை வாசலின் எண்ணை அவர் மனப்பாடம் செய்வார்? அதற்காகப் பிரெஞ்சு அஞ்சல் துறை 1990களில் 'விஜிக்' என்ற முறையைக் கொண்டுவந்தது. தபால்காரர் கையிலுள்ள சிறு வில்லை குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டுமே கதவைத் திறக்கும். தொலைந்துபோனாலும் சீக்கிரமே செல்லாக்காசாகிவிடும்.

அந்த வில்லையையும் அட்டையையும் பிரெஞ்சில் 'பாட்ஜ்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் கடன் வாங்கிய சொல்தான். ஆனால் ஆங்கிலேயருக்கு பேட்ஜ் என்றால் சட்டையில் குத்துவது. பிரெஞ்சுக்காரர் அதை வினைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டார். அட்டையைக் கருவியில் காட்டுவது 'பாட்ஜே'. அதன் எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்தில் 'பேட்ஜர்' என்று வரும். அதுவோ குழி தோண்டி வாழும் ஒரு விலங்கு!

கதவின் உறுப்புகள் இன்னும் வேடிக்கை. கைப்பிடிக்கு அவர்கள் சொல்லும் 'பெக்கீய்' என்ற சொல்லுக்கு ஊன்றுகோல் என்று பொருள். சாவி திருப்பினால் மட்டும் நகரும் தாழ் 'தூங்கும் தாழ்'. ஆங்கிலேயருக்கு அதே தாழ் 'செத்த தாழ்', அதாவது டெட்போல்ட். காந்தத்தால் பிடிக்கும் பூட்டு 'வாந்தூஸ்', அதாவது கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சி. நாமும் பூட்டுக்கு 'நாக்கு' என்கிறோம் அல்லவா? ஒவ்வொரு மொழியும் தனக்குத் தெரிந்த உருவத்தைக் கதவில் பார்க்கிறது.

இதுவரை சிரிப்பு. இனிச் சிரிக்க முடியாது.

ஆள் ஒருவராக மட்டும் நுழையும் சுழல் கதவைப் பிரெஞ்சில் 'தூர்னிகே' என்பார்கள். ஆங்கிலத்தில் அது 'டர்ன்ஸ்டைல்'. அதே எழுத்தில் ஆங்கிலத்திலும் ஒரு சொல் உண்டு. அதற்குப் பொருள் ரத்தம் நிற்கக் கட்டும் கட்டு. 1970 நவம்பர் 1ஆம் தேதி அதிகாலை, தென்கிழக்குப் பிரான்ஸில் சேன்-லோரான்-து-போன் என்ற சிற்றூரின் நடன அரங்கில் தீப்பிடித்தது. கட்டணம் கட்டாமல் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அவசர வழிகளை அடைத்து வைத்திருந்தார்கள். முன்வாசலில் தூர்னிகே. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகள். 1973 அக்டோபரில் பொதுமக்கள் கூடும் கட்டடங்களுக்கான தீ விதிகளைப் பிரெஞ்சு அரசு புதிதாக வகுத்தது. உள்ளே வருபவரைத் தடுக்கும் கதவு, வெளியே போகிறவரைத் தடுக்கக் கூடாது. கேட்கச் சின்ன விஷயம். அதற்கு அத்தனை உயிர் போக வேண்டியிருந்தது.

மின்சாரப் பூட்டு வந்ததும் இந்தக் கேள்வி வேறு உருவில் வந்தது. கரண்ட் போனால் கதவு திறக்குமா, மூடியே இருக்குமா? பிரெஞ்சில் இரண்டு வகை சொல்கிறார்கள். 'எமிசியோன்' வகைக்குக் கரண்ட் கொடுத்தால்தான் திறக்கும். போனால் பூட்டியே கிடக்கும். 'ரூப்த்யூர்' வகையில் கரண்ட் அறுந்தால் பூட்டு விட்டுவிடும். ஆங்கிலத்தில் முதலாவது 'ஃபெயில் செக்யூர்', இரண்டாவது 'ஃபெயில் சேஃப்'. உள்பக்கம் சாதாரணக் கைப்பிடி இருந்தால் முதல் வகையிலும் தப்பலாம். இல்லாவிட்டால்?

இங்கேதான் பெரிய குழி. மின்சாரம் போனதும் தானாக விடுபடும் ஏற்பாட்டைப் பிரெஞ்சில் 'செக்யூரித்தே போசித்தீவ்' என்பார்கள். பார்த்தவுடன் ஆங்கில 'செக்யூரிட்டி' நினைவுக்கு வரும். என் மாணவிக்கு வந்த ஒரு பழைய மொழிபெயர்ப்பில் யாரோ அப்படித்தான் நினைத்து, 'ஃபெயில் செக்யூர்' என்று எழுதிவிட்டார்கள். பொருள் தலைகீழ்! அது ஒரு கூடத்தின் வெளியேறும் கதவுக்கான பக்கம். அதை நம்பிப் பூட்டு வாங்கியிருந்தால், தீ பிடித்து மின்சாரம் போகும் நேரத்தில் கதவு இறுகிப் பூட்டியிருக்கும். நல்லவேளை, இவள் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதி அனுப்பினாள். திருத்தினார்கள்.

ஏன் இந்தக் குழப்பம்? பிரெஞ்சில் தீ, விபத்து போன்றவற்றிலிருந்து காப்பது பொதுவாக 'செக்யூரித்தே'. ஆங்கிலத்தில் அது 'சேஃப்டி'. திருடன், தாக்குபவன் போன்றோரிடமிருந்து காப்பது 'ஸ்யூர்தே'. ஆங்கிலத்தில் அது 'செக்யூரிட்டி'. விமான நிலையங்களில் இப்படித்தான். ஆனால் அணு உலைக்கு வந்தால் மாறிவிடும். அங்கே 'ஸ்யூர்தே' என்பதுதான் ஆங்கில 'சேஃப்டி'. ஆக, அகராதி மட்டும் போதாது. எந்த இடத்தில், யார், எதற்காகச் சொல்கிறார் என்று தெரிய வேண்டும். நமக்கோ இரண்டுக்கும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல். தமிழில் கையேடு எழுதப் போகும் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும்' என்று விளக்கமாக எழுதிவிடுங்கள். நாலு சொல் கூடினால் தப்பில்லை.

வகுப்பில் "எதிர்ச்சொல் எழுதுக" என்று கேட்டு, தவறாக எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பேன். "அரை மார்க்தானே சார்" என்று முனகியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். இந்தப் பெண்ணும் அதில் ஒருத்திதான். போகும்போது வாசலில் நின்று, "அன்னைக்கு நீங்க குறைச்ச அரை மார்க்கு இன்னைக்குத்தான் சார் புரியுது" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

உங்கள் வேலையில் இப்படிப் பொருள் புரண்ட சொல் ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். அப்புறம், நீங்கள் வேலை செய்யும் இடத்தில் வெளியேறும் கதவு கரண்ட் போனால் திறக்குமா என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். இது உங்கள் சார் கொடுக்கும் வீட்டுப்பாடம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.