ஒளியால் அயனியாக்கம்: ஆற்றலும் அலைநீளமும்

ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க ஃபோட்டானுக்குத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், அந்த அணுவின் அயனியாக்கும் ஆற்றலே. 1240ஐ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள அந்த ஆற்றலால் வகுத்தால், அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். ஹைட்ரஜனுக்கு 13.6 எலக்ட்ரான் வோல்ட். அலைநீளம் ஏறத்தாழ 91.2 நானோமீட்டர்.

சோடியத்துக்கு 5.14; அலைநீளம் சுமார் 241. இந்தப் புறஊதாக் கதிரை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், நயினார்கோவிலின் சுட்டெரிக்கும் உச்சி வெயிலும் தனிச் சோடிய அணுவை அயனியாக்காது. ஒளியைக் கூட்டினால் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் கூடும். ஒவ்வொன்றின் ஆற்றலும் மாறாது. இக்கணக்கு வளிம நிலையிலுள்ள தனி அணுவுக்கே உரியது. வாலிநோக்கம் உப்பளத்து உப்பில் சோடியம் ஏற்கெனவே அயனிதான்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் படமெடுத்துவந்த 393.4 நானோமீட்டர் கால்சியம் கோடு, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தினுடையது. அந்த இழப்புக்கு 6.11 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 203 நானோமீட்டர் ஒளி வேண்டும். ஆனால் சூரியனில் வெப்பத்தாலேயே அயனியாக்கம் நிகழ முடியும். அழுத்தம் குறையும்போது அயனியாக்கம் பெருகும். இதை 1920இல் கணித்துக் காட்டியவர் மேகநாத் சாகா. இந்திய இயற்பியலின் தலையாய சாதனைகளுள் அது ஒன்று.