அணிப் பெயர்களின் வரலாறு: ஆங்கில வகுப்பறைக்கு ஒரு மீள்நோக்கு

தேர்வு நெருங்கும் நாள்களில் ஆங்கில வகுப்பு மாணவர் கையில் ஒரு பட்டியலைக் காண்கிறோம். மெட்டஃபர், சிமிலி, ஐரனி, ஹைப்பர்பொலி என நீளும் அப்பெயர்களை அவர்கள் மனனம் செய்வர். தேர்வு முடிந்ததும் மறப்பர். இவை வீண் சுமை என்னும் எண்ணம் ஆசிரியரிடத்தும் உண்டு. ஆயின், இப்பெயர்கள் நம் கைக்கு வந்த வழியை நோக்குவோமாயின், எழுதப்பட்டதைப் பிழையின்றி வாசிக்க விரும்பியோரே இவற்றைப் பேணிக் காத்தனர் என்பது விளங்கும்.

இவற்றுள் பெரும்பாலானவை கிரேக்கச் சொற்கள். மெட்டஃபர் என்பதன் பொருள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லுதல் என்பதாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில் இதனை ஆராய்ந்தார். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உரோமையாசிரியர் தொனாத்து அணிகளைத் தொகுத்து, வெர்கிலின் காவியத்தினின்று சான்றுகள் காட்டினார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீடு என்னும் துறவி அதே அணிகளை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் திருமறையினின்றே சான்றுகள் தந்தார். தம் மாணவர் வேதத்தை நன்கு வாசிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அணியை அறிவது எத்துணைப் பெரிய காரியம் என்பதை 1529ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் நடந்த உரையாடல் காட்டுகிறது. திருவிருந்தில் ஆண்டவர் மொழிந்த சொற்களை லூத்தர் உள்ளவாறே கொண்டார். ஸ்விங்லி 'இருக்கிறது' என்பதற்குக் 'குறிக்கிறது' எனப் பொருள் கொண்டார். அவர் பக்கம் நின்ற எக்கோலம்பாதியுவோ அணி 'சரீரம்' என்னும் சொல்லிலேயே உள்ளது என்றார். அணி உண்டா, உண்டெனில் எச்சொல்லில் என்பதே வினா. வேறு பல கோட்பாடுகளில் இணங்கிய அவர்கள் இதில் இணங்கவில்லை. சீர்திருத்தச் சபைகள் இரு கிளைகளாயின.

இங்கிலாந்தில் இப்பெயர்களை மக்கள் மொழியில் தர முயன்றோர் உண்டு. டின்டேல் 1526இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் இயேசு கூறிய கதைகளைச் 'சிமிலிடியூட்' என்றார். 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு 'பேரபிள்' என்னும் கிரேக்க வழிச் சொல்லை ஆண்டது. தமிழில் சிமிலியும் உவமை, பேரபிளும் உவமை. எனவே நம் மாணவர் இவ்விரண்டையும் மயங்கிக் கொள்வதில் வியப்பில்லை. முன்னது ஒரு தொடருக்குள் அமையும் ஒப்புமை; பின்னது கேட்போரைத் தீர்ப்புக்கு அழைக்கும் கதை. 1589இல் பட்டென்ஹாம் என்பவர் ஐரனிக்கு 'வறண்ட ஏளனம்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். அவர் இட்ட பெயர்கள் நிலைக்கவில்லை. கிரேக்கப் பெயர்களே நின்றன.

இறுதியாக இராபர்ட் லோத் என்பவரைக் குறிப்பிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராயிருந்த அவர், எபிரேயச் செய்யுள் பற்றிய தம் விரிவுரைகளை 1753இல் இலத்தீனில் வெளியிட்டார். ஓர் அடியின் கருத்தை அடுத்த அடி ஒத்தோ, எதிர்த்தோ, தொடர்ந்தோ வருவதைப் 'பேரலலிசம்' என்றார். 1762இல் அவர் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல் நெடுங்காலம் பள்ளிகளை ஆண்டது. ஆங்கில வகுப்பும் வேத வகுப்பும் ஒரே ஆசிரியரிடம் கடன்பட்டுள்ளன எனல் மிகையாகாது. அவர் செய்த பகுப்பும் முடிந்த முடிபன்று. இரண்டாம் அடி முதலடியை மீண்டும் கூறுவதன்று, அதனை மேலும் வலியுறுத்திச் செல்வது என ஜேம்ஸ் கூகல் 1981இல் வாதிட்டார்.

இவ்வறிவின் பயன் யாது? சகரியா 9:9இல் கழுதையும் குட்டியும் இணையடிகளில் வருகின்றன. செய்யுள் மரபுப்படி அவை ஒரே விலங்கைக் குறிக்கலாம். மத்தேயு மட்டும் இரு விலங்குகளைக் கூறுவதேன் என்னும் வினாவின் வேர் இங்கே உள்ளது. 2 கொரிந்தியர் 12:13இல், சபைக்குப் பாரமாயிராததை அநியாயமெனக் கூறிப் பவுல் மன்னிப்புக் கேட்கிறார். ஐரனியை அறியாதவர் இதனை உண்மையான குற்ற அறிக்கையெனக் கொண்டு பிரசங்கிக்கவும் கூடும். பிழையான வாசிப்பு வகுப்பறையோடு நிற்பதில்லை. பிரசங்க பீடத்தின் வழியாகச் சபையையும் சென்றடைகிறது.

ஆகவே ஆங்கிலம் கற்பிக்கும் நாம் பெயரையும் விளக்கத்தையும் மட்டும் கேட்டு நிறுத்தலாகாது. இப்பகுதியில் அணி உண்டா, எச்சொல்லில் உண்டு, அதனை விட்டுவிட்டால் பொருள் எவ்வாறு கெடும் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்போமாக. பெயர் மறந்து போகலாம். இவ்வாறு கேட்டு வாசிக்கும் பழக்கம் நிலைக்குமாயின், அம்மாணவர் நாளை தம்மை நம்பிச் செவிகொடுக்கும் சபையாரை வழிதவறச் செய்யார்.