மண் குவளைகள் தாங்கிய மாளிகை

சிறு வயதில் நீங்கள் மூங்கில் வில் செய்து விளையாடியிருப்பீர்கள். வளைத்த கழி எப்போதும் விரியவே பார்க்கும். நாண் அதை விரியவிடாமல் இழுத்துப் பிடிக்கும். இந்த எளிய தத்துவத்தை இரும்பில் அமைத்து, அதன் துணையோடு களிமண் குவளைகளால் மேல்தளம் மூடி, ஒரு பெரிய அருங்காட்சியகத்தையே எழுப்பினார்கள் என்றால் நம்புவீர்களா? ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் உள்ள 'நோயெஸ் மியூசியம்', அதாவது 'புதிய அருங்காட்சியகம்', அப்படி எழுந்ததுதான். அது பிறந்த கதையையும், அழிவிலிருந்து மீண்ட கதையையும் இங்கே காண்போம்.

பெர்லின் நகரின் நடுவே ஸ்ப்ரே ஆற்றில் ஒரு தீவு உண்டு. பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் காலத்தில், 1843-ஆம் ஆண்டில், அங்கே இந்தக் கட்டடத்தின் வேலை தொடங்கியது. வரைபடம் தந்தவர் பிரெடரிக் ஆகஸ்ட் ஸ்ட்யூலர் என்னும் கட்டடக்கலைஞர்.

தொடக்கத்திலேயே ஒரு பெரிய சிக்கல் எதிர்ப்பட்டது. அங்குள்ள மண் கெட்டியானதன்று. டையாட்டம் என்னும் நுண்ணிய நீர்ப்பாசிகள் மடிந்தபின் எஞ்சிய சிலிக்கா ஓடுகள் படிந்து உண்டான மண் அடுக்கு அது. நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். பாரம் ஏறினால் அமுங்கும். எனவே அந்த அடுக்கைத் துளைத்துக் கீழே உள்ள உறுதியான மணலை எட்டும்படி, 2,300-க்கும் மேற்பட்ட மரக்கம்பங்களை அடித்து இறக்கினார்கள். சில கம்பங்கள் 18 மீட்டர் நீளம் கொண்டவை. கம்பம் அடிக்கவும், குழியில் ஊறும் நீரை இறைக்கவும், காரை கலக்கவும் 5 குதிரைத்திறன் கொண்ட ஒரு நீராவி எந்திரம் பயன்பட்டது.

கம்பம் அடித்தால் மட்டும் போதுமா? கட்டடத்தின் எடையையும் குறைத்தாக வேண்டும். ஆகவே பல அறைகளின் வளைவுக் கூரைகளைத் திண்ணிய செங்கல்லால் கட்டாமல், உள்ளே வெறுமையான களிமண் குவளைகளைக் காரையில் பதித்துக் கட்டினார் ஸ்ட்யூலர். குவளைக்குள் இருப்பது காற்றுதான். எனவே கூரையின் எடை பெரிதும் குறைந்தது. பண்டை ரோமானியர்களும் கையாண்ட முறை இது.

மேல்தளங்களில் இன்னொரு புதுமை. வளைவு எதுவாயினும், தான் தாங்கும் பாரத்தால் இருபுறச் சுவர்களையும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளுவிசையைத் தாங்கப் பருத்த சுவர் வேண்டும். பருத்த சுவரை இந்த மண் தாங்காது. இங்கேதான் வில்லும் நாணும் கை கொடுத்தன. வளைவின் இரு முனைகளையும் இரும்புத் தண்டுகளால் இழுத்துக் கட்டிவிட்டால், தள்ளுவிசை வளைவுக்குள்ளேயே அடங்கிவிடும். சுவருக்குக் கீழ்நோக்கிய எடை மட்டுமே வந்து சேரும்.

வில்லுக்கு ஓர் இரும்பு, நாணுக்கு வேறோர் இரும்பு. ஏன் தெரியுமா? ஒரு சுண்ணக்கட்டியை நிமிர்த்தி வைத்து மேலே புத்தகங்களை அடுக்குங்கள், நன்றாகத் தாங்கும். அதையே இரு கைகளாலும் சற்று வளையுங்கள், 'பட்'டென்று முறியும். வார்ப்பிரும்பும் ஏறக்குறைய இப்படித்தான். அதிலுள்ள கரி, மெல்லிய தகடுகளாக இரும்பினுள் பரவிக் கிடக்கிறது. அமுக்கும்போது அதனால் தீங்கில்லை. இழுக்கும்போது ஒவ்வொரு தகடும் ஒரு விரிசலைப் போல ஆகிவிடுகிறது. ஆகவே அமுக்கத்துக்கு ஆளாகும் வில்லை வார்ப்பிரும்பாலும், இழுவிசைக்கு ஆளாகும் நாணைத் தேனிரும்பாலும் செய்தார்கள். இந்த இரும்பு வேலையைச் செய்து தந்தது, ரயில் எஞ்சின்களுக்குப் பேர்போன போர்சிக் தொழிற்சாலை!

1850-களில் கட்டடம் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939-இல் மூடப்பட்டது. 1943 நவம்பரில் நடந்த விமானத் தாக்குதலில், சுவரோவியங்கள் நிறைந்த நடு மாடிப்படிக் கூடம் தீக்கிரையாயிற்று. 1945 பிப்ரவரியில் விழுந்த குண்டுகள் வடமேற்குப் பகுதியையும் தென்கிழக்கு மூலையையும் தகர்த்தன. போருக்குப்பின் அப்பகுதி கிழக்கு ஜெர்மனியின் வசமானது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டடம் பாழாய்க் கிடந்தது.

குண்டு தொடங்கிய வேலையை மழையும் குளிரும் தொடர்ந்தன. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். செங்கல் இடுக்குகளில் புகுந்த நீர் உறைந்து, விரிந்து, சுவரைச் சிறிது சிறிதாகப் பிளக்கும். நிலத்தின் கீழே இன்னோர் ஆபத்து. முழுவதும் நீரில் மூழ்கிய மரம் எளிதில் மக்குவதில்லை, மக்கச் செய்யும் பூஞ்சைக்கு அங்கே உயிர்வளி கிட்டாது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் மரம் மக்கத் தொடங்கும். அடித்தளக் கம்பங்களும் வலுவிழந்தன. எனவே மேலே ஒரு கல்லை வைக்குமுன் கீழே அடித்தளத்தைப் புதிதாக வலுப்படுத்த வேண்டியிருந்தது.

1990-இல் ஜெர்மனி ஒன்றுபட்டது. 1997-இல் புதுப்பிக்கும் பொறுப்பு டேவிட் சிப்பர்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜூலியன் ஹாரப் அவருக்குத் துணைநின்றார். அப்போது ஒரு கடுமையான வாதம் எழுந்தது. 'பழைய படங்களைப் பார்த்து, இருந்தது இருந்தபடியே கட்டுங்கள்' என்றனர் ஒரு சாரார். தம் நகரம் இழந்த அழகைத் திரும்பக் கேட்ட அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், எரிந்துபோன ஓவியத்தை இன்று புதிதாகத் தீட்டிவிட்டு, 'இது ஸ்ட்யூலர் காலத்தது' என்று காட்டினால் அது மெய்யாகுமா? பழமையைச் சீர்செய்யும் பணி, ஊகம் தொடங்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பது 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் கொள்கை.

சிப்பர்ஃபீல்ட் இந்த வழியையே பின்பற்றினார். எஞ்சிய சுவர்கள் காயங்களோடு காக்கப்பட்டன. குண்டுச் சிதறல்களின் தழும்புகளைக் கூடத் தூண்களில் அழிக்கவில்லை. உடைந்த வளைவுக் கூரைகளுக்காகப் பழைய முறைப்படியே மண் குவளைகள் புதிதாகச் செய்யப்பட்டன. முற்றிலும் அழிந்த பகுதிகள் பழைய செங்கற்களைக் கொண்டு எழுந்தன. மாடிப்படி, முன்பிருந்த இடத்திலேயே முன்பிருந்த அளவிலேயே வந்தது. ஆனால் அலங்காரம் ஏதுமின்றி, வெள்ளைச் சிமென்டும் சாக்சனி நாட்டுச் சலவைக்கல் துகளும் கலந்த கான்கிரீட்டில். பழையது எது, புதியது எது என்று பார்ப்பவர் யாரும் பிரித்தறியலாம்.

2009 அக்டோபரில் கட்டடம் மீண்டும் திறக்கப்பட்டது. எகிப்தின் புகழ்பெற்ற அரசி நெஃபர்டிட்டியின் சிலை இன்று அங்கேதான் உள்ளது. சிலையைக் காணச் செல்பவர்கள் சற்றே தலை நிமிர்ந்து கூரையையும் பார்க்கலாம். பொன்னிற அணிகளுக்கு நடுவே, நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த இரும்பு வில்லும் நாணும் இன்னும் பாரம் சுமந்து நிற்கின்றன.

உங்கள் ஊரிலும் பழைய பள்ளியோ, நூலகமோ, சத்திரமோ இருக்கக்கூடும். அதை இடிக்க வேண்டும் என்றோ, பளபளப்பாகப் பூசிவிட வேண்டும் என்றோ பேச்சு எழும்போது, ஒரு கேள்வியை மட்டும் முதலில் கேளுங்கள்: 'இத்தனை ஆண்டுகள் இது எப்படி நின்றது?' அதற்கு விடை தெரிந்தபின் வேலையைத் தொடங்கினால், கட்டடமும் பிழைக்கும். அதைக் கட்டியவர்களின் அறிவும் பிழைக்கும்.