அசையாத தலை

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெய்ன்' திரைப்படத்தைக் கண்டவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். டென்னிஸ் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. பந்து செல்லும் திசைக்கேற்ப அரங்கிலுள்ள தலைகளெல்லாம் இடமும் வலமுமாகத் திரும்புகின்றன. ஒரு தலை மட்டும் அசையவில்லை! ஆட்டத்தைக் காணாது ஆடுபவனையே உற்றுநோக்கும் அம்மனிதன்தான் கொலைகாரன் புரூனோ.

பட்ரீஷியா ஹைஸ்மித் 1950ல் எழுதிய மூலநாவலில் நாயகன் ஒரு கட்டடக் கலைஞன். மறு ஆண்டு வெளியான திரைப்படமே அவனை டென்னிஸ் வீரனாக்கியது. இம்மாற்றத்தின் பொருத்தம் நமக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. விளையாட்டு வீரனை முன்பின் பழகாதவனும் அறிவான்; அறிந்ததாலேயே உரிமையும் கொண்டாடுவான்.

ஆடியவர்களே துப்பறியும் கதை எழுதியதும் உண்டு. விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை எட்டு முறை வென்ற ஹெலன் வில்ஸ் 1939ல் ராபர்ட் மர்ஃபியுடன் இணைந்து ஒரு நாவல் எழுதினார். ஒன்பது முறை வென்ற மார்ட்டினா நவ்ரதிலோவா, லிஸ் நிக்கில்ஸுடன் இணைந்து எழுதிய மூன்றில் முதலாவதான 'தி டோட்டல் ஸோன்' 1994ல் வெளிவந்தது. இவ்விரண்டுக்கும் இடையில், 1968ல், பெருந்தொடர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. பணம் புகுந்தது. சூதாடிகள், முகவர்கள், பேராசை பிடித்த பெற்றோர் என்று கதாசிரியருக்கு ஐயத்திற்குரியோர் பட்டியல் ஆயத்தமாகக் கிடைத்தது.

ஆனால் கத்தி உண்மையிலேயே வந்தபோது, அது இப்பட்டியலில் இருந்த எவரிடமிருந்தும் வரவில்லை.

1993 ஏப்ரல் 30. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். உலகின் முதல்நிலை வீராங்கனை மோனிகா செலஸுக்கு வயது 19. மக்தலேனா மலீவாவுக்கு எதிரான காலிறுதியில் 6-4, 4-3 என முன்னிலையில் இருந்தார். பக்கம் மாறும் இடைவேளையில் நாற்காலியில் அமர்ந்திருந்தவரின் முதுகில், பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த ஒருவன் கத்தியால் குத்தினான். அவன் ஸ்டெஃபி கிராஃபின் வெறிகொண்ட இரசிகன். செலஸ் விலகினால் கிராஃப் மீண்டும் முதலிடம் பெறுவார் என்பதே அவன் கணக்கு. அவன் பெயரை எழுத நமக்கு மனமில்லை.

துப்பறிய எதுவும் இருக்கவில்லை. குற்றவாளி அங்கேயே பிடிபட்டான். நோக்கத்தையும் அவனே கூறினான். காயமோ ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம்தான். நாவலென்றால் முதல் அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும்! நீதிமன்றம் அவனுக்கு இரண்டாண்டுத் தண்டனை விதித்து, அதையும் நிறுத்திவைத்தது. 1995ல் மேல்முறையீட்டுக்குப் பிறகும் அவன் சிறை செல்லவில்லை.

அவன் போட்ட கணக்கோ அப்படியே பலித்தது. அந்த ஜூன் மாதமே கிராஃப் முதலிடத்திற்குத் திரும்பினார். எதிராளிக்கு நேர்ந்ததில் அவருக்கு எள்ளளவும் பங்கில்லை. எனினும் அவர் அடுத்து வென்ற நான்கு பெரும் பட்டங்களையும் இந்நிழல் படாமல் எவராலும் பேச இயலவில்லை. எட்டுப் பெரும் பட்டங்களை இருபது வயதுக்குள் குவித்திருந்த செலஸ், ஏறத்தாழ இருபத்தெட்டு மாதங்கள் கழித்து, 1995 ஆகஸ்டில்தான் களம் திரும்பினார். 1996ல் ஆஸ்திரேலியாவில் பெற்ற ஒன்பதாவது பட்டமே கடைசி.

ஜெர்மனியில் அவர் பிறகு ஒருமுறைகூட ஆடவில்லை.