சிட்லிங்கியும் ஒரு செலவுக் கணக்கும்

தருமபுரி மாவட்டம் என்றதும் எல்லோருக்கும் ஒகேனக்கல்தான் ஞாபகம் வரும். அதே மாவட்டத்தில் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்களும், கொஞ்சம் லம்பாடி மக்களும் வாழ்கிறார்கள். (இந்த மலையாளிகள் கேரளக்காரர்கள் அல்ல, மலையில் வாழ்வதால் வந்த பெயர்.)

1990களின் தொடக்கத்தில் இங்கே பிறந்த 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அதாவது ஏழில் ஒன்று! பிரசவத்தில் சிக்கல் என்றால் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி அரூருக்குப் போக வேண்டும்.

1993ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்ற தம்பதி இங்கே வந்தார்கள். இருவரும் அதற்கு முன் காந்திகிராமத்தில் வேலை பார்த்தவர்கள். ஊர் மக்களே கட்டிக் கொடுத்த ஓலைக் குடிசையில் வைத்தியம் தொடங்கியது. பிரசவமும் அறுவை சிகிச்சையும் ஒரு 100 வாட் பல்பு வெளிச்சத்தில்தான். நண்பர்கள் கொடுத்த பணத்தில் பிறகு சின்ன ஆஸ்பத்திரி எழுந்தது. இன்று அது 35 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்பது அமைப்பின் பெயர்.

ஆனால் குழந்தைகளைக் காப்பாற்றியது கட்டிடம் மட்டும்தானா? இல்லை. ஊர்ப் பெண்களுக்கே நர்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு கிராமமும் தன் ஊர்ப் பெண் ஒருவரை சுகாதாரப் பணிக்குத் தேர்ந்தெடுத்தது. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தையின் எடை பார்ப்பது, என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வது, இவைதான் அவர்கள் வேலை. குழந்தை இறப்பு 1000க்கு சுமார் 20 ஆகக் குறைந்தது.

காமர்ஸ் மாணவர்களுக்கு இது புரியும். கட்டிடமும் எந்திரமும் மூலதனச் செலவு. மாதாமாதம் வீடு வீடாகப் போகும் பெண்ணின் சம்பளம் வருவாய்ச் செலவு. நிதி கொடுப்பவர்களுக்கு முதல் வகைதான் பிடிக்கும். கல்வெட்டில் பெயர் போடலாம், திறப்பு விழா நடத்தலாம். இரண்டாவது வகையைப் போட்டோ எடுக்க முடியாது. ஒரு வருடம் கொடுத்து நிறுத்தவும் முடியாது.

சட்டங்களும் இதில் சேர்கின்றன. 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால் நிறுவனம் இயங்கும் பகுதிக்கே முன்னுரிமை தரச் சொல்கிறது அதே சட்டம். ஆலைகள் நிறைந்த ஓசூர் 2004ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு போய்விட்டது. ஆலையே இல்லாத மலைக்கு யார் முன்னுரிமை தருவார்கள்?

வெளிநாட்டு நிதியோ 2020 சட்டத் திருத்தத்துக்குப் பின் இன்னும் இறுகியது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50லிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு அமைப்பு தான் பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் கூடாது. பெரிய அமைப்புகளை நம்பியிருந்த சின்ன கிராமக் குழுக்களுக்கு அந்த வழி அடைபட்டது. முறைகேட்டைத் தடுக்க விதி தேவைதான். ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது அல்லவா?

சிட்லிங்கி இன்னொரு பாடமும் சொல்கிறது. அங்கே இயற்கை விவசாயிகள் சங்கம் உருவானது. லம்பாடிப் பெண்களின் கைத்தையலுக்கு 'போர்கை' என்ற அமைப்பு வந்தது. அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று அர்த்தம். வீட்டில் வருமானம் இருந்தால்தான் சத்துணவு. சத்துணவு இருந்தால்தான் ஆரோக்கியம்.

நன்கொடை கொடுப்பவர்கள் இனிமேல் "என்ன கட்டினீர்கள்?" என்று மட்டும் கேட்காமல், "அடுத்த வருடம் சம்பளத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்றும் கேட்கட்டும். 147ஐ 20 ஆக்கியதில் பெரிய பங்கு அந்தச் சம்பளத்துக்கு உண்டு.