அருவியை வரைய வந்தவரும் அம்பலத்தை வரைந்தவரும்

ஓவியத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் மூன்று காரியங்களை விடாமல் செய்கிறார்கள். ஊர் ஊராகப் போகிறார்கள். வரைந்ததை நாலு பேர் பார்க்கும்படி வைக்கிறார்கள். கைப்பழக்கமான முறையோடு நின்றுவிடாமல் எதையாவது புதிதாகச் செய்து பார்க்கிறார்கள். பயணம், காட்சி, சோதனை என்னும் இந்த மூன்றையும் ஒருவர் எப்படிக் கையாள்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அவருடைய வாழ்க்கை அமைகிறது. இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் தென்காசிப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்று, கடல் கடந்து வந்து குற்றாலம் அருவியை வரைந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள். மற்றொன்று, குற்றாலநாதர் கோயிலைச் சேர்ந்த சித்திர சபையின் சுவர்களில் வண்ணம் தீட்டிய, பெயர் தெரியாத நம் ஓவியர்கள்.

பயணம்

தாமஸ் 1749இல் பிறந்தவர். வில்லியம் அவருடைய சகோதரர் மகன், 1769இல் பிறந்தவர். 1785இல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்பி, சீனா வழியாக அடுத்த ஆண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். வட இந்தியாவைச் சுற்றி வரைந்த படங்களைக் கல்கத்தாவில் குலுக்கல் சீட்டு முறையில் விற்று, அந்தப் பணத்தில் 1792இல் தெற்கே புறப்பட்டார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. திப்புவின் மலைக்கோட்டைகளைப் படத்தில் பார்க்க ஆங்கிலேயர்கள் ஆவலாக இருந்தார்கள். அந்த ஆவல்தான் இவர்களுடைய வழிச்செலவுக்கு நம்பிக்கை. பல்லக்கும் சுமையாட்களும் சூழ மைசூர் எல்லை, சேலம், திருச்சி, மதுரை என்று வந்து, பாபநாசம் அருவியையும் குற்றாலம் அருவியையும் வரைந்துகொண்டு போனார்கள். சென்னைக்குத் திரும்பியதும் அங்கேயும் ஒரு குலுக்கல் நடத்தினார்கள். ஒரு பயணத்தின் படங்களை விற்று அடுத்த பயணத்தை நடத்துவது அவர்களுடைய பிழைப்பு முறை. அரசரையோ ஆதீனத்தையோ நம்பி அவர்கள் வாழவில்லை.

சித்திர சபை ஓவியர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்குக் கல்வெட்டு எதையும் நாம் கையில் வைத்துக்கொண்டு பேசவில்லை. சுவர்தான் கொஞ்சம் சொல்கிறது. கூரையிலும் மரவேலையிலும் மலையாளச் சாயல் தெரிகிறது. சுவரில் மதுரைத் திருவிளையாடற் காட்சிகளும் இருக்கின்றன, அனந்தசயனப் பத்மநாபரும் இருக்கிறார். பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். மலைக்கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் போய்வந்த பாதையில்தான் குற்றாலம் இருக்கிறது. இந்த ஓவியர்களும் ஓரிடத்திலேயே கிடந்தவர்களாக இருக்க முடியாது. டேனியல்கள் போன ஊரையெல்லாம் படமாக்கினார்கள். சபை ஓவியர்களோ, தாங்கள் அறிந்த ஊர்களின் தெய்வங்களையெல்லாம் ஒரே சுவருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

காட்சி

டேனியல்கள் 1794இல் ஊர் திரும்பினார்கள். கொண்டுபோன கோட்டோவியங்களை வைத்து எண்ணெய் வண்ண ஓவியங்கள் தீட்டி, லண்டன் ராயல் அகாடமியில் ஆண்டுதோறும் காட்சிக்கு வைத்தார்கள். தாமஸ் 1799இலும் வில்லியம் 1822இலும் அந்த அகாடமியின் முழு உறுப்பினர்களானார்கள். 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் 144 படங்கள். அவற்றில் நம் அருவியும் ஒன்று. குற்றாலத்தின் பெயரே கேட்டிராத ஒரு சீமான், தன் வீட்டு நூலகத்தில் உட்கார்ந்தபடி பேரருவியைப் பார்த்தார்.

சித்திர சபையில் முறையே வேறு. படம் எங்கும் போகாது. பார்க்கிறவர்தான் வர வேண்டும். நடராசப் பெருமான் ஆடிய ஐந்து அம்பலங்களில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருவாலங்காடு இரத்தினம், திருநெல்வேலி செம்பு, குற்றாலம் சித்திரம். மற்ற அம்பலங்களில் திருமேனி. இங்கே சுவரில் தீட்டிய ஓவியமே மூர்த்தி. ஓவியத்துக்குத் திருமஞ்சனம் செய்ய வழியில்லை, ஒளியால்தான் வழிபாடு. மார்கழித் திருவாதிரைக்கு இங்கே தாண்டவ தீபாராதனை நடக்கும்போது, தட்டில் ஏற்றிய சுடர் அசைய அசைய, சுவரில் தூக்கிய திருவடியும் விரிந்த சடையும் மாறி மாறி வெளிச்சத்துக்கு வருகின்றன. மின்விளக்கில் தட்டையாகத் தெரிகிற அதே உருவம் அந்தச் சுடரில் ஆடுகிறது. ஓவியர் எந்த வெளிச்சத்தை மனத்தில் வைத்து அந்தக் கோடுகளை இழுத்திருப்பார் என்று அப்போது விளங்கும்.

லண்டன் காட்சியில் ஒரு படத்தைச் சில வாரங்கள் மாட்டியிருப்பார்கள். சபையின் காட்சி தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. லண்டனில் பார்க்கிறவர் விலை கேட்பார். இங்கே பார்க்கிறவர் கைகூப்புவார். ஒன்று ஓவியரை வாழவைத்தது. மற்றது ஓவியத்தை வாழவைத்தது.

சோதனை

டேனியல்களைப் பெரிய கலைஞர்களாக்கியது அவர்களுடைய துணிச்சலான சோதனைதான். செப்புத் தகட்டிலிருந்து நீர்வண்ணம் போன்ற சாயலை அச்சில் கொண்டுவரும் அக்குவாடின்ட் முறையைக் கல்கத்தாவில் உட்கார்ந்து தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள். தகட்டின் மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடு காட்டினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் இறக்கினால், துகளுக்கும் துகளுக்கும் நடுவில் செம்பு அரிபடும். வெளுப்பாக இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டு மறுபடி இறக்குவார்கள். எத்தனை முறை அரிக்கிறதோ அத்தனை கருமை. அருவியின் நுரைபோல் பளிச்சென்று இருக்க வேண்டிய இடத்தில் மையே படாது. காகிதத்தின் வெண்மைதான் நுரையாக நிற்கும். கல்கத்தாவில் முதல் பன்னிரண்டு படங்களைப் போட்டபோது ஓவியர், செதுக்குபவர், கன்னார், அச்சடிப்பவர், எடுபிடி எல்லாமே தான் ஒருவனாக இருக்க வேண்டியிருந்தது என்று தாமஸ் ஒரு கடிதத்தில் அலுத்துக்கொண்டார். அந்த அலுப்புக்குள் ஒரு பெருமிதமும் இருக்கத்தான் செய்கிறது.

சபை ஓவியர்களின் சோதனை அளவில் குறைந்ததில்லை. குற்றாலக் காற்றில் சாரல் காலம் முழுக்க ஈரம். சுண்ணாம்புச் சுவரும் வண்ணமும் அந்த ஈரத்தைத் தாங்க வேண்டும். மூலிகைச் சாற்றால் ஆன வண்ணம் என்று ஊரார் இன்றும் சொல்வார்கள். மூலப்பொருள் எதுவானாலும், சுவர் எப்போது உலரும், எந்த நிறம் எத்தனை நாளில் மங்கும் என்று செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவர்களின் வேலை அது. உள்ளடக்கத்திலும் அவர்களுக்கு விளையாட்டு மனம் உண்டு. துர்க்கையின் வீரக்கோலம், பைரவரின் பல வடிவங்கள், கஜேந்திர மோட்சம், இரணிய வதம், ரதி மன்மதன் என்று உக்கிரத்தையும் காதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் தைரியம் அவர்களுக்கு இருந்தது.

எதைப் பார்த்தார்கள், எதை விட்டார்கள்

டேனியல்களின் கண் தூரத்திலிருந்து பார்க்கும் கண். அந்தக் காலத்து ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தின் ரசனைப்படி மலையும் நீரும் ஓங்கி நிற்கும். மனிதர்கள் அளவு காட்டுவதற்காகச் சிறிதாக நிற்பார்கள். அவர்கள் வந்துபோன ஏழாம் ஆண்டில், 1799இல், கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். பாளையங்கள் கொதித்துக்கொண்டிருந்த சீமை இது. அந்தக் கொதிப்பு எதுவும் அருவிப் படத்துக்குள் வரவில்லை.

சபை ஓவியர்கள் அதற்கு நேர்மாறாக, பக்கத்திலேயே விழும் அருவியை ஒரு காட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. அருவிப் பாறையிலேயே இலிங்கங்களைச் செதுக்கி வைத்த ஊர் இது. தினமும் குளிக்கும் நீரை எட்டி நின்று ரசிக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்படவில்லை. ஆகவே, நம் அருவி இருநூறு ஆண்டுகளுக்கு முன் அச்சுப்படத்தில் எப்படித் தோன்றியது என்று பார்க்க, வெளியூர்க்காரரின் படத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டும் சேர்ந்த இடம்

இந்த இரண்டு வழிகளும் ஒரே மனிதரிடம் சேர்ந்ததையும் இந்தச் சீமை பார்த்திருக்கிறது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு (1898–1976) ரமணாசிரமத்தில் இருந்துவிட்டு, நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்த் திரைச்சீலை வரைந்தவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு தெய்வப் படங்கள் தீட்டினார். சிவகாசி அச்சகங்கள் அவற்றைக் காலண்டர்களாக்கி வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. டேனியல்களைப் போல் அச்சை நம்பினார். சபை ஓவியர்களைப் போல் கைகூப்பும் கண்களுக்காக வரைந்தார்.

முடிவு

கலையாக எடைபோட்டால் நான் சித்திர சபையின் பக்கம்தான் நிற்பேன். அருவிப் படம் இன்று சேகரிப்பாளரின் பெட்டகத்தில் இருக்கிறது; சபையின் நடராசருக்கோ இந்த மார்கழியிலும் தீபம் காட்டுவார்கள். புழக்கத்தில் இருக்கும் ஓவியத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது.

ஆனால் ஓவியரின் வாழ்க்கை என்று பார்த்தால் டேனியல்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய. வில்லியம் நாட்குறிப்பு எழுதினார். அச்சிட்ட படங்களில் பெயரும் நாளும் பொறித்தார்கள். அதனால்தான் எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தார்கள், எதை விற்றுச் சாப்பிட்டார்கள் என்பதுவரை இன்று நம்மால் சொல்ல முடிகிறது. சபையை வரைந்தவர் யார் என்று கேட்டால் நமக்குப் பதில் இல்லை. அந்தக் குறை இன்றும் தொடர்கிறது. குடமுழுக்கு நடக்கும் கோயில்களில் உபயதாரர் பெயர் கல்லில் வரும், டியூப்லைட்டில்கூட வரும். கோபுரத்துக்கு வண்ணம் தீட்டிய கைகளின் பெயர் எங்கும் வராது.

தென்காசி மாவட்டம் உருவான 2019க்குப் பிறகு குற்றாலச் சாரல் விழா இந்த மாவட்டத்தின் விழாவாகிவிட்டது. அந்த விழா நாட்களில் உள்ளூர் ஓவியர்களுக்கு ஒரு கூடமும் விற்பனைக்கு ஒரு வழியும் செய்து கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளைச் சித்திர சபைக்கு அழைத்துப் போய் ஒரு சுவரையாவது நின்று பார்க்க வைக்கலாம். இனி வண்ணம் தீட்டும் ஒவ்வொரு கோபுரத்திலும் உபயதாரர் பெயருக்குக் கீழே ஓவியர் பெயரையும் பொறிக்க வேண்டும். திருப்பணிக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால், இந்த ஒரு வரியை அவரிடம் கேட்டு வாங்குங்கள்.